பென்னிகுவிக்குக்கு ஒரு மண்டபம்



பெருமை பெற்ற ஒருவர் வாழ்ந்த வீட்டை, அவர் மறைந்த பின்னும் அழியாது காத்து, பின்வருவோர் பார்ப்பதற்காகத் திறந்து வைக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வாழ்ந்த இலண்டன் வீடு 1925ஆம் ஆண்டு முதல் காட்சிச்சாலையாக விளங்குகிறது. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். மதுரையில் தமுக்கம் மாளிகை இருக்கிறது. இராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அம்மாளிகையில் கம்பெனி ஆட்சியின்போது கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அதனைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். அது காந்தியடிகள் வாழ்ந்த வீடு அன்று. ஆயினும் அவர் நினைவுக்கு அது வீடாக அமைந்துவிட்டது.

அவ்வாறே, தம் வீடு அல்லாத ஓரிடத்தில் நினைவு கொண்டிருக்கும் மற்றொருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் ஆங்கிலேயர், படைப்பிரிவைச் சேர்ந்த பொறியாளர், பெயர் கர்னல் ஜான் பென்னிகுவிக். தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், மலையடிவாரத்தில், லோயர் கேம்ப் என்னும் ஊரில் அவருக்கு ஒரு மண்டபம் எழுப்பப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு கட்டிய அம்மண்டபம், அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15ஆம் தேதியில், 2013ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அவர் இறந்து நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர், அந்நிய ஆட்சி நீங்கி அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், நம் மக்கள் அந்த ஆட்சியின் அலுவலர் ஒருவருக்கு மண்டபம் எடுக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்கவேண்டும் அல்லவா? அக்காரணத்தை அறிய அந்த மண்டபத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குச் செல்லும் வழியையும் பார்க்கவேண்டும்.

தேனியிலிருந்து தெற்கு நோக்கிப் பேருந்தில் சென்றேன். தேனிப் புதிய பேருந்து நிலையத்தின் பெயரே பென்னிகுவிக் பேருந்து நிலையம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இருபுறமும் மலைகள், நடுவே பசுமை. நெல்வயல்கள், தென்னந்தோப்புகள், வாழைத் தோட்டங்கள், கம்பத்தை அணுகும்போது பந்தலில் படர்ந்த திராட்சைக் கொடிகள். இக்காட்சியைக் காண்பவன், இது இயற்கையிலேயே நீர்வளம் மிக்க நாடு என்று எண்ணிவிடுவான். உண்மை அதுவன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, பெரும்பாலும் வெறுங்கையோடுதான் இப்பக்கம் இறங்குகிறது. மலைக்கு அப்பால் பெரியாறு வெள்ளம் பெருகி அரபிக் கடலில் கலக்கும். மலைக்கு இப்பால் வையை மணல் தெரியக் கிடக்கும். மழைமறைவுப் பிரதேசம் என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கூடலூரைக் கடந்து லோயர் கேம்பில் இறங்கினால், முதலில் கண்ணில் படுவன மலைமேலிருந்து இறங்கும் பெரிய நீர்க்குழாய்கள். அவற்றின் வழியே பாயும் நீர், அடிவாரத்து மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, ஆறாகிப் பள்ளத்தாக்கை நோக்கி ஓடுகிறது. மின்நிலையம் 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்நீர் மலையைத் துளைத்துக்கொண்டு கிழக்கே வரத் தொடங்கியது 1895ஆம் ஆண்டில்.

மண்டபம் பெரிய மாளிகையன்று. உள்ளே வெண்கலத்தில் பென்னிகுவிக்கின் உருவம். அணை கட்டப்பட்ட நாள்களை நினைவூட்டும் பழம்படங்கள். பார்த்து முடிக்க நெடுநேரம் ஆகாது. ஆனால் அங்கு வருவோரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒருநாள் முழுதும் வேண்டும். நான் சென்றபோது, முதியவர் ஒருவர் செருப்பை வாயிலிலேயே கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கோயிலுக்குள் செல்பவர் செய்வதையெல்லாம் செய்தார். உடன் வந்த பேரனையும் கும்பிடச் சொன்னார்.

"பெரியவரே, எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"சுருளிப்பட்டிப் பக்கம், ஐயா. ரெண்டு போகம் விளையிற பூமி. எங்க பாட்டன் காலத்துக்கு முந்தி அது மானாவாரிக் காடு" என்றார். பிறகு பேரனைக் காட்டி, "இவன் நம்ம வீட்டுச் சோத்தைத் திங்கிறான். அது எங்கிருந்து வந்ததுன்னு தெரியணுமில்ல? அதான் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றார்.

மண்டபம் கட்டப்பட்டதற்கான காரணத்தை அவரைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் இயலாது. இவ்வட்டாரத்தில் பல வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுவிக் படம் சுவரில் தொங்குகிறது. குழந்தைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். பாலார்பட்டி என்னும் ஊரில் தைத்திங்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருவது இதற்கு வாய்ப்பாக அமைந்தது.

இனி, அந்நீர் வந்த வரலாற்றைச் சொல்கிறேன். மேற்கே வீணாகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற எண்ணம் முதன்முதல் தோன்றியது ஆங்கிலேயர் உள்ளத்தில் அன்று. 1789ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சராயிருந்த பிரதானி முத்திருளப்ப பிள்ளை, வழிகாண ஆட்களை மலைக்கு அனுப்பினார். ஆனால் அவ்வளவு பெரிய வேலைக்குப் பொருள் இல்லை. 1808இல் கால்டுவெல் என்னும் கேப்டன் ஆராய்ந்து, இது நடவாத காரியம் என்று எழுதினார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் ஒரு திட்டம் வகுத்தார். அதுவும் தாள்களில் உறங்கியது. பிறகு 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். அதன் பின்னர்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1882இல் திட்டத்தைத் திருத்தி மதிப்பிடும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

அவர் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பூனாவில் பிறந்தவர். தந்தையும் படைத்தலைவர். 1849ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியரோடு நடந்த போரில் தந்தையும், பதினேழே வயதான தமையனும் ஒரே நாளில் மடிந்தனர். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அன்று இரண்டு நாள்கள் இருந்தன. அவரும் படையிலேயே சேர்ந்தார். ஆனால் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, 1860இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

அணை அமையவேண்டிய இடம் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. ஆகவே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகை, காலம் 999 ஆண்டுகள். இந்த ஒப்பந்தம் பற்றியும் அணையின் நீர்மட்டம் பற்றியும் பிற்காலத்தில் இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்குகளை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அது நீதிமன்றங்களும் வல்லுநர்களும் ஆராயும் பொருள். இன்றைய பேச்சுக்கு உரியதன்று.

1887இல் வேலை தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில், சாலையில்லாத அடர்ந்த காடு. யானைகள் உலவும் வழி. அடிவாரத்திலிருந்து பொருள்களை மாட்டு வண்டியிலும், கம்பிவடத்திலும், பின்னர்ப் படகிலும் ஏற்றிக் கொண்டுசென்றார்கள். சிமெண்டு அந்நாளில் இந்தியாவில் உற்பத்தியாகவில்லை. சுண்ணாம்பு, மணல், சுட்ட செங்கல்லை இடித்த சுர்க்கி ஆகியவற்றைக் கலந்த காரையே பசையாயிற்று. ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம், 1,200 அடி நீளம். வெளிப்புறம் கருங்கல், உட்புறம் சுண்ணாம்புக் காங்கிரீட்டு. தன் எடையினாலேயே நீரின் தள்ளு விசையைத் தாங்கி நிற்கும் அணை இது. நைல் நதியின் குறுக்கே அஸ்வானில் முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது 1902இல்தான் என்பதை நினைத்தால், இம்முயற்சியின் துணிவு விளங்கும்.

மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றில் அணை கட்டினால் நீர் தேங்கும். ஆனால் திசை மாறாது. திசையை மாற்றியது சுரங்கம். தேங்கிய நீர் உயர்ந்து, கிழக்குக் கரையில் வெட்டிய கால்வாய் வழியே வந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைகிறது. சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 5,700 அடி; அகலம் 12 அடி; உயரம் ஏழரை அடி. மேற்கே போகப் பிறந்த ஆறு அதன் வழியே கிழக்கே வந்து, வையையோடு சேர்ந்து, மதுரையையும் அதற்கப்பால் சிவகங்கை, இராமநாதபுரச் சீமைகளையும் அடைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு இந்நீர்ப் போக்கைத் தொடங்கி வைத்தார்.

இடையில் கழிந்த எட்டாண்டுகளும் எளிதில் கழியவில்லை. அடித்தளம் இடுவதற்காக ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது. திரும்பத் திரும்பக் கட்டினார்கள். இந்த விடாமுயற்சியே பென்னிகுவிக்கின் பெருமை. இதற்கு மேல் வேறு அணி எதுவும் அவருக்கு வேண்டுவதில்லை என்பது என் கருத்து.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், மக்கள் அவருக்கு வேறு ஓர் அணியும் பூட்டியிருக்கிறார்கள். அணை வெள்ளத்தில் போனதும் அரசாங்கம் பணம் தர மறுத்துவிட்டது. அவர் இங்கிலாந்துக்குப் போய்த் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது இவ்வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் கதை. அம்முதியவரும் தம் பேரனுக்கு இதையே சொன்னார். கேட்பதற்கு உள்ளம் உருகுகிறது. ஆனால் இதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை என்று வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இத்திட்டம் சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணி, செலவும் அரசாங்கத்துடையது, அதாவது, வரி செலுத்திய நம் முன்னோருடையது. நீர்வரியால் அச்செலவு மீளும் என்று அரசாங்கம் கணக்கும் பார்த்தது.

இதனைச் சொன்னால் பென்னிகுவிக்கின் புகழ் குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நகையை விற்பது ஒருநாள் செயல். எட்டாண்டுக் காலம் காய்ச்சலும் வெள்ளமும் சூழ்ந்த காட்டில் ஒரு பெரும்பணியை நடத்திச் செல்வது ஒருநாள் செயலன்று. நன்றி என்பது நம் இனத்தின் உயர்ந்த பண்பு. அந்த நன்றி உண்மையின்மேல் நின்றால் இன்னும் நெடுங்காலம் நிற்கும். நாளைக்கு ஒருவர் வந்து, "நகைக் கதைக்குச் சான்று என்ன?" என்று கேட்கும்போது, கதையோடு சேர்ந்து நன்றியும் சாய்ந்துவிடக் கூடாது.

வீட்டைப் பற்றியும் இத்தகைய வாதம் ஒன்று எழுந்தது. மதுரையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் கட்ட 2021இல் இடம் தேர்ந்தபோது, அங்கிருந்த பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம், அதை இடிக்கக் கூடாது என்று குரல் எழுந்தது. ஆவணங்களைப் புரட்டினார்கள். அக்கட்டடம் 1912, 1913ஆம் ஆண்டுகளில் எழுந்தது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். பென்னிகுவிக்கோ 1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் காலமாகிவிட்டார். இறந்தவர் பின்னால் கட்டிய வீட்டில் குடியிருக்க முடியாது. நூலகம் 2023ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் திறக்கப்பட்டது. ஒரு பழைய வீட்டைக் காக்கவேண்டும் என்ற உணர்ச்சி போற்றத்தக்கது. அவ்வுணர்ச்சிக்கு முன்னால் ஒரு கேள்வி வேண்டும்: இது யாருடைய வீடு, எப்போது கட்டியது, எதனால் அறிகிறோம்? வரலாறு கற்கும் மாணவர்கள் எந்த நினைவில்லத்துக்குள் நுழைந்தாலும் இக்கேள்வியை உடன் கொண்டுசெல்லவேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அம்மண்டபத்தில் நின்றபோது என் நெஞ்சைவிட்டு நீங்காதிருந்த கேள்வி அதுதான். அணையைக் கட்டியவர் பென்னிகுவிக் என்கிறோம். கல்லைச் சுமந்தவர் யார்? சுரங்கத்தில் வெடிவைத்தவர் யார்? கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து கூலிக்குச் சென்ற ஆடவரும் பெண்டிரும், சென்னைப் படையின் பயனியர் பிரிவு வீரர்களும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும் அங்கே உழைத்தார்கள். மலைக் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறது. அவர்களை அடக்கம் செய்த இடம் அணைக்கு வடக்கே காட்டினுள் இருக்கிறது. இத்திட்டத்தின் வரலாற்றை 1899இல் மெக்கன்சி என்னும் பொறியாளர் நூலாக எழுதினார். அவரும் இப்பணியில் ஈடுபட்டவர். பென்னிகுவிக் தாமே எழுதிய கட்டுரைக்கு இலண்டன் பொறியாளர் கழகம் டெல்போர்டு பதக்கம் அளித்தது. ஆக, தலைவரின் பெயர் எழுத்தில் நின்றது, வெண்கலத்தில் நின்றது, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், அவர் மறைந்த கேம்பர்லியிலும் தமிழ்நாட்டு அரசின் முயற்சியால் சிலையாய் நின்றது. அந்த 483 பேரோ நமக்கு ஓர் எண்ணாகவே எஞ்சியிருக்கிறார்கள்.

இது பென்னிகுவிக்கின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆட்சியாளர் யாரைப் பதிவு செய்ய விரும்பினார்களோ, அவர்களே ஏடுகளில் இடம்பெற்றார்கள். ஆனால் ஏட்டில் இல்லாதவற்றுள் சில இன்னும் வீட்டில் இருக்கக்கூடும். கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் படிக்கும் மாணவர்களே, உங்கள் கொள்ளுப்பாட்டனின் தந்தையோ தாயோ அணைவேலைக்குச் சென்றவராக இருக்கலாம். உங்கள் வீட்டு முதியோரிடம் கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதி வையுங்கள். யார் சொன்னார், எந்த ஆண்டில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பழைய தீர்வை ரசீது, நிலப் பத்திரம், கைமாறி வந்த கருவி எது கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். கேட்ட கதையைக் கதை என்றும், கண்ட சான்றைச் சான்று என்றும் பிரித்து எழுதுங்கள். ஒரு வகுப்பு மாணவர்கள் சேர்ந்து இதைச் செய்தால், எண்ணாக நிற்பவருள் ஒருவருக்கேனும் பெயர் கிடைக்கலாம்.

லோயர் கேம்புக்குச் செல்கிறவர்கள் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், வெளியே வந்து அந்த நீரோட்டத்தின் கரையில் சற்றே நில்லுங்கள். முத்திருளப்ப பிள்ளையின் கனவும், பென்னிகுவிக்கின் அறிவும், பெயர் தெரியாத பல்லாயிரவரின் உழைப்பும் சேர்ந்து ஓடுகின்ற நீர் அது. அதில் எவர் பங்கையும் மறவாதிருப்பதே அந்நீரை உண்டு வளர்ந்த நாம் செய்யத்தக்க நன்றி.